ஞாயிற்றுக்கிழமை குடிப்பார்

கொளஞ்சியப்பனுக்கு எழுத்து வந்தது நாற்பத்தோராவது வயதில். மந்தாரக்குப்பத்தில் சங்கத்துக்காரர்கள் சாயந்தர வகுப்பு நடத்தினார்கள். ஷிப்டு முடிந்த கரிக் கையோடு போய் உட்கார்ந்து, ஒன்றரை வருஷத்தில் பிடித்துக்கொண்டான். பிடித்துக்கொண்டான் என்றால் ஓட்டமாக வராது. ஒவ்வொரு எழுத்தாக வாயால் தொட்டுத் தொட்டுத்தான் போவான். வாய் சொல்லி முடித்த பிறகுதான் அர்த்தம் மண்டைக்கு ஏறும். ஒரே ஒரு சொல் மட்டும் பத்தடி தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். அது அவன் பெயர்.

அந்தச் சனிக்கிழமைக் காலையும் அப்படித்தான் ஆனது. தங்கச்சி அம்சவல்லியின் வீட்டு வாசலில் சாவுப் பந்தல் பிரிக்காமல் நின்றது. அவள் புருஷன் துரைராஜை அடக்கம் பண்ணி ஒரு ராத்திரிதான் போயிருந்தது. பால் தெளித்துவிட்டு வந்த ஆம்பளைகள் கால் கழுவிக்கொண்டு பந்தலில் குந்தியிருந்தார்கள். டீக்கடையிலிருந்து யாரோ காலைப் பேப்பரைக் கொண்டுவந்து போட்டார்கள். கொளஞ்சியப்பன் புரட்டினான். ஒன்பதாம் பக்கத்தில் அட்சய திருதியை நகைக்கடை விளம்பரம் முக்கால் பக்கத்தை அடைத்துக் கிடக்க, அதற்கடியில் நாலு விரல் அகலத்தில் ஒரு சேதி. அதன் கடைசி வரியில் அவன் பெயர்.

பொய் சொல்வானேன், ஒரு நொடி அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. நாம் சொன்னதைப் போட்டுவிட்டார்கள். பெல்ட் உருளைக்குக் கூண்டு இல்லாததைப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் கிடக்கிற தங்கச்சிக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தி மேலிருந்து படிக்க ஆரம்பித்தான்.

"ம... து... போ... தை... யில்... பெல்... ட்டில்... சிக்... கி..."

"மாமா, நிறுத்து மாமா" என்றாள் நந்தினி. துரைராஜின் ஒரே மகள். விருத்தாசலத்தில் காலேஜ் இரண்டாம் வருஷம்.

அவனுக்கு நிறுத்தத் தெரியவில்லை. சொல்லைக் கூட்டிக்கொண்டிருக்கிற வாய் பாதியில் நிற்பதற்குப் பழகவில்லை. கடைசி வரி வரைக்கும் போய்த்தான் நின்றது. துரைராஜ் மீது மது வாடை வீசியதாக உடன் பணியாற்றிய கொளஞ்சியப்பன், வயது நாற்பத்தெட்டு, தெரிவித்தார்.

பந்தலில் ஒருவரும் இருமக்கூட இல்லை. அம்சவல்லி தலை விரிந்த வாக்கில் எழுந்து வந்து நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இத்த நீயாண்ணா சொன்ன?"

"இல்ல அம்சா. சத்தியமா இல்ல."

"ஒம் பேர போட்டிருக்குது."

"போட்டிருக்குது."

"சொல்லாமயா போடுவாங்க?"

அதற்கு அவனிடம் பதில் இருந்தது. வாய்க்குள் வைத்துக்கொண்டு அன்று பூராவும் சோறு இறங்காமல் கிடந்தான்.

நடந்தது இதுதான். சுரங்கத்துக்கு வெளியே, முந்திரித் தோப்பு ஓரமாக ஒரு காண்ட்ராக்டர் கரி உடைக்கிற யார்டு போட்டிருந்தார். பழுப்புக் கரியைக் கொட்டி, உடைத்து, பெல்ட்டில் ஏற்றி லாரிக்கு அனுப்புகிற இடம். ஈரக் கரி பெல்ட்டிலிருந்து சிந்திக்கொண்டேயிருக்கும். சிந்தினதை அடியில் குனிந்து வாரி மேலே போடுவது மாமன் மச்சான் இருவருக்கும் வேலை. சித்திரை வெயிலில் வாராமல் விட்டால் கரி தானாகவே புகையும். குனிந்த முகத்தில் அனல் அடிக்கும். பெல்ட்டின் கோடியில் உருளை திரும்புகிற இடத்துக்குக் கம்பிவலைக் கூண்டு ஒன்று உண்டு. வெல்டிங் வைக்க வேண்டுமென்று அதைக் கழற்றி எடுத்துப்போய்ப் பதினோரு நாள் ஆகியிருந்தது. நின்ற பெல்ட்டை மறுபடி ஓட்டுவதற்கு முன்னால் ஊதல் ஊத வேண்டும். வியாழக்கிழமை காலை ஏழேகாலுக்கு ஊதவில்லை. உருளையில் அப்பியிருந்த கரியைச் சுரண்டிக்கொண்டிருந்த துரைராஜின் தோள் துண்டை உருளை இழுத்துக்கொண்டது.

பத்து மணிக்குச் சூப்பர்வைசர் ராஜேந்திரன் கொளஞ்சியப்பனை ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டார். ஃபேன் ஓடிற்று. கம்ப்யூட்டரில் ஒரு பெண்பிள்ளை, இரண்டு கணக்குப்பிள்ளைகள், போலீஸ்காரர் ஒருத்தர். கொளஞ்சியப்பன் எல்லாவற்றையும் சொன்னான். கூண்டைச் சொன்னான், ஊதலைச் சொன்னான். ராஜேந்திரன் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். எழுதி முடித்துத் தாளைத் திருப்பி அவன் பக்கம் தள்ளி, மைப்பெட்டியையும் தள்ளினார்.

"நமக்குக் கையெழுத்து வரும் சார்" என்றான் கொளஞ்சியப்பன்.

"அட, அப்படியா? அப்ப படிச்சுப் பாத்துட்டே போடுய்யா."

முழுத் தாள். கூட்டுக் கூட்டிப் படித்தால் அரைமணி நேரம் ஆகும். உதடு அசையும். அந்தப் பெண்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தாள். படித்தவர்கள் தாளை எப்படிப் பார்ப்பார்களோ அந்த வேகத்தில் அவன் மேலிருந்து கீழாகக் கண்ணை ஓட்டினான். ஓட்டிவிட்டு, சரிதான் என்பதுபோலத் தலையாட்டினான். கீழே தன் பெயரைக் கொம்பு சுழியோடு முழுசாகப் போட்டான். கைநாட்டு வைக்கிறவனாக இருந்திருந்தால், யாரையாவது படித்துக் காட்டச் சொல்லியிருப்பான்.

சனிக்கிழமை பொழுது சாய்ந்ததும் பந்தலில் கூட்டம் குறைந்தது. தங்கச்சி எதிரில் தரையில் குந்தி இதைச் சொல்லிவிட்டான். கொல்லைக் கொடியில் உலர்ந்த துணி மேல் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்திருந்தது. அவள் எழுந்துபோய் ஒவ்வொன்றாக உதறி மடித்துக்கொண்டு வந்தாள்.

"எழுத்து தெரிஞ்சு என்னா பண்ண நீ" என்றாள்.

"திட்டு அம்சா. திட்டு."

"திட்டி என்னா ஆவும்? அவுரு குடிக்கவே மாட்டாருன்னு நான் சொல்ல வரலண்ணா. குடிப்பாரு. ஞாயித்துக்கெழம ஆனா குடிப்பாரு. ஊருக்கே தெரியும். அதனாலதான அத்தன பேரும் பேப்பர கேட்டுட்டு வாய மூடிக்கினு இருந்தாங்க. செத்தது வியாயக்கெழம. காலைல அஞ்சு மணிக்கு எங் கையாலதான் கேவுரு கூழ கரச்சுக் குடுத்தேன். ஊறுகா பத்தலன்னு சண்ட போட்டுட்டுப் போனாரு."

"ஆஸ்பத்திரி ரிப்போர்ட்ல தெரிஞ்சிரும்மா" என்றாள் நந்தினி.

"அது எப்ப வரும்?"

"ஒரு மாசம், ரெண்டு மாசம் ஆவுமாம்."

"பேப்பருக்கு ரெண்டு நாளுதான் ஆச்சு" என்றாள் அம்சவல்லி. "ரிப்போர்ட் வர்றதுக்குள்ள அவுர குடிகாரனாக்கி, புல்லு மொளைக்க வச்சிருவாங்க."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை ஒரு பைக்கில் இளம்பரிதி என்கிற பையன் கேமராவோடு வந்தான். யூடியூப் சேனல். பேப்பர்க்காரர்களை ஒரு பிடி பிடித்தான். எல்லாரும் முதலாளிக்கு விலை போனவர்கள், நாங்கள்தான் மக்கள் பக்கம் என்றான். கேட்கக் கொளஞ்சியப்பனுக்கு வயிறு குளிர்ந்தது. தாகத்துக்கு மோர் கொடுத்து உட்காரவைத்தார்கள்.

"அம்மா, ஒங்க நெலம் எத்தன ஏக்கர் சுரங்கத்துக்குப் போச்சு?"

"எங்களுக்கு நெலம் இல்லியே தம்பி."

"இப்ப இல்ல. எடுத்துக்கிட்டாங்கல்ல, அதுக்கு முன்னாடி?"

"முன்னாடியும் இல்ல தம்பி. எங்க மாமனாரு கூலிக்காரரு. வளையமாதேவி பக்கம் ஒருத்தரு நெலத்துல நடவு நட்டுக்கினு இருந்தோம்."

பையன் கேமராவை நிறுத்தினான். "அம்மா, நெலம் போன வேதனையில அவரே பெல்ட்டுல விழுந்துட்டாருன்னு ஒரு பேச்சு ஊருக்குள்ள இருக்கு. நீங்க இல்லன்னு மறுக்க வேணாம். சும்மா அழுதாப் போதும். மீதிய நான் பேசிக்கறேன். பத்து லட்சம் பேரு பாப்பாங்க."

"பத்து லட்சம் பேரு பாத்து?"

"நியாயம் கெடைக்கும்மா."

"யாருக்கு? நெலம் போனவங்களுக்கா? அவங்க தோ பக்கத்துத் தெருவுலயே நெறய பேரு இருக்காங்க. போயி அவங்கள கேளு, வண்டி வண்டியா சொல்லுவாங்க, அத்தனயும் நெசம். அந்தப் பேப்பருக்காரன் எம் புருசன குடிகாரன்னுட்டான். நீ தற்கொலைங்கற. ரெண்டு பேருமே அந்தக் கூண்ட பத்திப் பேச மாட்டேங்கறீங்களே, ஏந் தம்பி?"

"கூண்டெல்லாம் டெக்னிக்கல் மேட்டரும்மா. ஜனங்க பாக்க மாட்டாங்க."

"மோர குடிச்சிட்டுக் கெளம்பு" என்றாள் அம்சவல்லி.

திங்கட்கிழமை கொளஞ்சியப்பன் சட்டையைப் போட்டுக்கொண்டு காலைப் பேப்பரின் நிருபரைத் தேடிப் போனான். வெங்கடேஷ் என்று பெயர். டவுன்ஷிப் ஓரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். சேதி எழுதுவதும் அவர்தான்; விளம்பரம் பிடிப்பதும் அவர்தான். கெட்ட மனுஷன் இல்லை. உட்காரச் சொல்லி, அவன் சொன்னதை முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"நான் என்னங்க பண்ணுவேன்? யார்டு ஆபீஸ்லருந்து ஒங்க ஸ்டேட்மெண்ட்ட போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்பினாங்க. கீழ ஒங்க கையெழுத்து. சாட்சியே எழுதிக் குடுத்தத நான் எப்படி மாத்தறது?"

"என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமுல்ல சார்."

"ஒரு நாளைக்கு எட்டு சேதி அனுப்பணும். எட்டுக்கும் நேர்ல போனா எனக்கு எட்டுக் காலு வேணும்."

"சரி, இப்ப சொல்றேன். இத்த போடுங்க."

வெங்கடேஷ் ஜெராக்ஸ் மிஷினை மூடித் திறந்தார். "மறுப்புன்னா அந்த ஆபீஸ்காரங்க குடுக்கணும். இல்லன்னா கோர்ட்டு சொல்லணும். நீங்க சொல்லி நான் அனுப்பினாலும், மேல வெட்டிருவான். அவங்க வருசத்துக்கு நாலு முழுப் பக்கம் வாழ்த்து விளம்பரம் தர்றாங்க. என்னப் பத்தி என்ன வேணா நெனச்சுக்குங்க, ஒங்ககிட்ட மறைக்க இஷ்டமில்ல."

நிஜம் பேசுகிற ஒரு ஆளைக் கண்டுபிடித்தும் அவரிடமிருந்து ஒரு வரிகூடக் கிடைக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டே கொளஞ்சியப்பன் மந்தாரக்குப்பம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் வந்து நின்றான். அங்கே அந்தப் பேச்சுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவனை அவர்களுக்குத் தெரியாது.

"தண்ணியப் போட்டுட்டு மெஷின்கிட்ட போவலாமா?" என்றார் ஒரு பென்ஷன்காரர்.

"அண்ணாச்சி, நீங்க எந்தப் பேப்பரு பாத்தீங்க? எங்க கட்சிப் பேப்பர பாருங்க. அரசாங்கத்தோட அலட்சியத்தால தொழிலாளி துரைசாமி பலின்னு போட்டிருக்கான்" என்றார் ஆட்டோக்காரர்.

"துரைசாமியா? துரைராஜுடா அவன்."

"பேரு ரவ மாறிப்போச்சு. நம்ம பக்கம் நின்னு போட்டிருக்கான்ல, அத்த பாருங்க."

"பேரையே தப்பாப் போட்டவன் சேதிய சரியாப் போட்டிருப்பானாக்கும். முப்பத்தோரு வருசமா நான் ஒரே பேப்பரு. பொய்யி போட்டா நகைக்கடக்காரன் முக்காப் பக்கம் குடுப்பானா?"

"நகைக்கடக்காரனுக்கும் நெசத்துக்கும் என்னாங்க சம்பந்தம்?"

"டிவில வந்துச்சா?" என்றார் டீ மாஸ்டர்.

"வரல."

"அப்ப நடக்கவேயில்லன்னு வச்சுக்குங்க, டீய குடிங்க."

எல்லாரும் சிரித்தார்கள். கொளஞ்சியப்பன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருப்பின பக்கத்துச் சுவரில் யாரோ ஒரு பெரியவருக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வந்த ஒரு பொம்பளை நின்று படித்தாள். பையைக் கீழே வைத்துவிட்டு, தேதியைப் பார்த்து "அடப்பாவமே" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் போனாள். பின்னால் வந்த காலேஜ் பிள்ளைகள் படித்தார்கள். பென்ஷன்காரர் டம்ளரோடு வந்து நின்று படித்தார். ஆட்டோக்காரரும் வந்தார். அந்தப் போஸ்டரில் எழுதினது மெய்யா பொய்யா என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. கட்சி பார்க்கவில்லை.

அன்று ராத்திரிச் சோற்றுக்கு முன்னால் அம்சவல்லி சொல்லச் சொல்ல நந்தினி நோட்டில் எழுதினாள்; கடைசி வரியை மட்டும் கொளஞ்சியப்பன் தன் கையால் எழுதினான். மறுநாள் கொளஞ்சியப்பனும் நந்தினியும் கார்முகில் அச்சகத்துக்குப் போனார்கள். அச்சகக்காரர் கார்முகில் அந்தப் பகுதிச் சாவுகளுக்கெல்லாம் போஸ்டர் அடித்தவர். நோட்டை வாங்கிப் படித்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார்.

"கூண்டு, ஊதல் எல்லாம் சரி. இயற்கை எய்தினார்னு ஆரம்பிக்கணும்யா."

"இயற்கையா சாவலையே."

"சரி, அத விடு. இது என்னா? 'ஞாயிற்றுக்கிழமை குடிப்பார்'? முப்பது வருசமா அடிக்கறேன். எமகாதகனா இருந்தவனுக்கெல்லாம் பண்பாளர், பாசத்தின் சிகரம்னு போட்டிருக்கேன். செத்தவன் குடிப்பான்னு எந்த வூட்டுலயும் போடச் சொன்னதில்ல."

நந்தினி அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். "அம்மா, ஞாயித்துக்கெழம வரிய எடுத்துரலாமான்னு கேக்கறாரு."

"எடுக்காதீங்க ஐயா" என்றது அம்சவல்லியின் குரல். "இவுரு தேன் குடிக்கற மகான்னு போட்டா ஊரு சிரிக்கும். கூண்டையும் நம்பாது. அவுரு குடிச்சதையும் போடுங்க, அப்பதான் மீதிய நம்புவான்."

கார்முகில் நோட்டின் கடைசி வரியைத் தொட்டுக் காட்டினார். "கடைசி வரி, இவுரு எழுதினது. இது?"

"அது எங்கண்ணன் இஷ்டம்."

"இருக்கட்டுங்க" என்றான் கொளஞ்சியப்பன். "அத்த பெரிய எழுத்துல போடுங்க."

மை காய்வதற்குள் சேதி யார்டுக்குப் போய்விட்டது. வியாழக்கிழமை மத்தியானம் ராஜேந்திரன் போன் பண்ணினார்.

"கொளஞ்சி, ஒன் கேட் பாஸ் இந்த மாசத்தோட முடியுது, ஞாபகம் இருக்கா? ரினியூவல் என் கையிலதான் இருக்கு."

"இருக்குது சார்."

"பேரு ஊரு போட்டு அழகா ஒரு போஸ்டர் ஒட்டிக்க. யாரு வேணாங்கறா? கண்டதையும் எழுதாத. ஒன் வயசுக்கு இனிமே எவன் வேல குடுப்பான்?"

"யாரும் குடுக்க மாட்டாங்க சார்."

"தெரியுதுல்ல?"

"தெரியுது சார். நாளைக்குக் காலைல யார்டு செவுத்துலதான் மொதல்ல ஒட்டப்போறேன்."

போனை வைத்தான். இருபத்தியிரண்டு வருஷமாகக் காண்ட்ராக்ட். பர்மனெண்ட் ஆகும் ஆகும் என்று முடி நரைத்ததுதான் மிச்சம். இப்போது அதுவும் இல்லை. கொட்டகையில் போய் மைதா பசை காய்ச்ச உட்கார்ந்தான்.

வெள்ளிக்கிழமை விடியலில் அம்சவல்லி பசை வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது சொந்தக்காரப் பெண்கள் மறித்துக்கொண்டார்கள். கருமாதி முடியாமல் புருஷனைப் பறிகொடுத்தவள் வாசப்படி தாண்டுவது அந்த ஊரில் இல்லாத வழக்கம்.

"பதினாறு நாளு பொறுத்துக்கடி. ஊரு என்னா பேசும்?"

"அவுரு மேல போட்ட பொய்யி வாசப்படி தாண்டி, மந்தாரக்குப்பம் தாண்டி, பஸ்ஸேறிப் போயிக்கினு இருக்குது. நான் மட்டும் மூலைல குந்திக்கினு இருக்கணுமா? நவுருங்க."

யார்டு சுற்றுச்சுவரில், ஷேர் ஆட்டோ வந்து நிற்கிற இடத்துக்கு நேராக ஒட்டினார்கள். கொளஞ்சியப்பன் பசை தடவினான். அவள் தாளை விரித்து உள்ளங்கையால் அழுத்தி நீவினாள். முதல் ஷிப்டு ஆட்கள் சோற்றுத் தூக்கோடு இறங்கி வந்தார்கள். ஒருத்தர் நின்றார், நாலு பேர் நின்றார்கள், இருபது பேர் ஆனார்கள். எழுத்து தெரியாதவர்கள் இருந்தார்கள். கொளஞ்சியப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு படித்தான். இந்த முறையும் தட்டுத் தடுமாறித்தான் வந்தது. அவன் அவசரப்படவில்லை, உதடு அசைவதை யார் பார்க்கிறார்கள் என்று திரும்பியும் பார்க்கவில்லை.

"துரைராஜ். வயது நாற்பத்து நாலு. வியாழக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, இரண்டாம் பெல்ட்டில் இறந்தார். உருளைக் கூண்டைக் கழற்றிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. பெல்ட்டை ஓட்டும்போது ஊதல் ஊதவில்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை குடிப்பார். அன்று குடிக்கவில்லை, கூழ் குடித்துவிட்டுப் போனார். மனைவி அம்சவல்லி, மகள் நந்தினி. பேப்பரில் வந்த சாட்சிக் கையெழுத்து என்னுடையது. வெட்கப்பட்டுக்கொண்டு படிக்காமல் போட்டேன். நான் சொன்னது அது இல்லை. மச்சான் கொளஞ்சியப்பன்."

ஞாயிற்றுக்கிழமை வரியில் கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "அடங்கொய்யால, எங்கூடத்தான்டா குடிப்பான்" என்றான் பாவாடை. லாரியில் கரி தள்ளுகிறவன். சிரித்துக்கொண்டே சொன்னவன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டான். துண்டுக்குள்ளிருந்தே கேட்டான்: "கூண்ட மாட்டியாச்சாடா?"

ராத்திரி ஷிப்டு முடித்து வெளியே வந்துகொண்டிருந்த ஆள் ஒருத்தன் தலையை ஆட்டினான். "இல்லண்ணே. இன்னிக்கும் இல்ல."

கேட்டுக்குள்ளிருந்து ராஜேந்திரன் வந்தார். "என்னப்பா கூட்டம்? மணி ஆறாச்சு, உள்ள வாங்க." கண் போஸ்டரில் ஓடியது. படித்தவரின் வேகத்தில் ஓடினது, நடுவில் ஒரு வரியில் நின்றுவிட்டது. "கொளஞ்சி, இதக் கிழி."

கொளஞ்சியப்பன் சட்டைப் பையிலிருந்து பாஸை எடுத்து அவர் முன்னால் நீட்டினான். "இது ஒங்களுது சார், வச்சுக்குங்க. கூண்ட மாட்டுங்க."

ராஜேந்திரன் வாங்கவும் இல்லை, கையைத் தட்டிவிடவும் இல்லை. பாவாடை துண்டை உதறிப் போட்டுக் கேட்டுக்கு எதிரில் தரையில் குந்தினான். "கூண்டு வரட்டும் சார். வந்தாப் போறேன். எனக்கு நாளன்னிக்கு ஞாயித்துக்கெழம இருக்குது." அவன் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் குந்தினார்கள். அப்புறம் வரிசையாகச் சோற்றுத் தூக்குகள் தரையில் இறங்கின. ஓரமாய் நின்ற நாலைந்து பேர் தலையைக் குனிந்தபடி உள்ளே போனார்கள். அவர்களை யாரும் ஏசவில்லை. ராஜேந்திரன் போனை எடுத்து, முதுகைக் காட்டிக்கொண்டு, "சார், வெல்டர எங்க இருந்தாலும் அனுப்புங்க சார்" என்று தணிந்த குரலில் பேசினார்.

கொளஞ்சியப்பன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான். அம்சவல்லி வாளியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"இங்கியே நின்னுக்கினு இருந்தா பசை காஞ்சிரும். வாண்ணா, பஸ் ஸ்டாண்டுல இன்னும் ஒண்ணுகூட ஒட்டல."